சீலிங்கில் மாட்டும் கருவிக்கு மின்சாரம்: பிளக் பாயிண்டா, நேரடி இணைப்பா, தொங்கும் மின்வடமா?

அமெரிக்காவில் சொந்த வீடோ கடையோ வைத்திருக்கும் தமிழ் வாசகர்கள் கேட்கும் மின்சாரக் கேள்விகளில் ஒன்று மட்டும் வேடம் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவருக்கு ஹோம் தியேட்டர் புரொஜெக்டர். இன்னொருவருக்கு கராஜ் கதவைத் தூக்கும் மோட்டார். மற்றொருவருக்குக் கடையில் கண்காணிப்புக் கேமரா. கேள்வி ஒன்றுதான்: "கருவியோடு வந்த ஒயர் பிளக் பாயிண்ட் வரை எட்டவில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே விட்டு இழுத்துக்கொள்ளலாமா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நேரடியாக இணைக்கச் சொல்ல வேண்டுமா? வேறு வழி உண்டா?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயரைப் பிளக் பாயிண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிளக் பாயிண்டைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரியான வழி. ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தாது. ஹீட்டருக்கு ஒரு நியாயம், மின்விசிறிக்கு ஒரு நியாயம், பட்டறைக்கு இன்னொரு நியாயம்.

கீழே 'மின்வடம்' என்று எழுதும் இடங்களில், கருவியின் பின்னால் பிளக்கோடு வரும், மெல்லிய செம்பிழைகளால் ஆன வளையும் ஒயரைச் சொல்கிறேன். சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் நிரந்தரமாகப் போடும் கேபிள், குழாய் வேலை எல்லாம் 'நிலையான வயரிங்'.

## விதி என்ன சொல்கிறது

அமெரிக்காவில் இதற்கு அடிப்படை, என்.இ.சி. எனப்படும் தேசிய மின் விதித்தொகுப்பு. 1897இல் முதன்முதலில் வெளிவந்தது. இப்போது என்.எஃப்.பி.ஏ. என்னும் தீத்தடுப்பு அமைப்பு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. அது தானாகச் சட்டமாகிவிடாது. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பிறகுதான் சட்டம். பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் வெவ்வேறு பதிப்பில் இருப்பது சாதாரணம். சிகாகோ, நியூயார்க் போன்ற நகரங்கள் தமக்கென்று தனி விதிகளே வைத்திருக்கின்றன. ஆகவே நான் தரும் எண்களைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். உங்கள் ஊர்க் கட்டட அனுமதி அலுவலகம் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்வடத்துக்கான பகுதி 400. அதில் இரண்டு பிரிவுகள்தான் நம் வழக்கைத் தீர்மானிக்கின்றன. 400.10 எங்கே பயன்படுத்தலாம் என்கிறது, 400.12 எங்கே கூடாது என்கிறது. 2014 பதிப்பு வரை இவை 400.7, 400.8 என்ற எண்களில் இருந்தன. பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்றும் அந்த எண்களைத்தான் சொல்வார்கள்.

கூடாத இடங்களின் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும். கட்டடத்தின் நிலையான வயரிங்குக்கு மாற்றாக மின்வடத்தைப் பயன்படுத்தக் கூடாது. சுவர், தரை, சீலிங், ஃபால்ஸ் சீலிங் எதிலும் துளையிட்டு அதன் வழியே விடக் கூடாது. கதவு, ஜன்னல் வழியே விடக் கூடாது. கட்டடப் பரப்பில் ஆணி, கிளிப் வைத்துப் பதிக்கக் கூடாது. சுவருக்குள்ளோ சீலிங்குக்கு மேலோ மறைக்கக் கூடாது. குழாய்க்குள்ளோ ஒயர் பட்டைக்குள்ளோ நுழைக்கக் கூடாது. அடிபடும் இடத்தில் விடக் கூடாது. சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் வீட்டுப் புரொஜெக்டருக்கு உதவும் விதிவிலக்கு எதுவும் அவற்றில் இல்லை.

அனுமதிக்கும் பட்டியலும் சின்னது அல்ல. தொங்கும் விளக்கு, தொங்கும் பிளக் பாயிண்ட், எடுத்துச்செல்லும் கருவி, அடிக்கடி மாற்ற வேண்டிய கருவி, அதிர்வோ சத்தமோ கட்டடத்துக்குப் பரவாமல் தடுக்க வேண்டிய இடம், அசையும் பாகம், பழுதுபார்க்கக் கழற்றும்படி வடிவமைத்து மின்வடத்தோடு இணைக்கவே தயாரித்த சாதனம் என்று நீள்கிறது. ஆக, சீலிங்கில் மின்வடமே கூடாது என்று விதி சொல்லவில்லை. மறைந்து போகாதே என்றுதான் சொல்கிறது.

ஏன் இந்தப் பிடிவாதம்? ஃபால்ஸ் சீலிங்கின் ஓடு (சதுரப் பலகை) ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். அதைத் தாங்கும் மெல்லிய தகரச் சட்டத்தின் விளிம்பு கத்தி போல இருக்கும். அதன் மேல் மடங்கிக் கிடக்கும் வடத்தின் உறையில், ஓடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு விழுகிறது. மேலே சூடான காற்று, தூசி. மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கட்டிப் போட்டிருப்பார்கள். சுருளின் நடுவில் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை. கீழே அறையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் வடத்தில் உறை வெடித்தால் யாராவது பார்த்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மறைந்திருக்கும் வடத்துக்கு அந்தக் காவல் இல்லை.

இன்னொரு காரணம் பிரேக்கர். புரொஜெக்டரோடு வரும் 18 கேஜ் (எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது) வடம் ஏறத்தாழ 10 ஆம்பியருக்கு மேல் தாங்கக் கூடியதல்ல. சுவரிலிருக்கும் பிரேக்கரோ 15 அல்லது 20 ஆம்பியர். இடைப்பட்ட மின்னோட்டத்தில் வடம் சூடாகும்; பிரேக்கர் பேசாமல் இருக்கும். புரொஜெக்டர் அவ்வளவு இழுக்காது என்பதால் அதோடு வந்த வடத்துக்கு ஆபத்தில்லை. நடுவில் ஓர் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துவிட்டால், நாளைக்கு அதில் யார் எதைச் செருகுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளை ஒப்பிடும் முன் உங்கள் கருவியைப் பற்றி ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் என்ன சொல்கிறார். இதுதான் முதல் கேள்வி. பலர் கடைசியில் கேட்கிறார்கள். பரிசோதித்துச் சான்று பெற்ற கருவியை அதன் கையேடு சொல்கிறபடியே நிறுவ வேண்டும் என்பது 110.3(பி) விதி. பிளக்கோடு வந்த கருவியின் பிளக்கை வெட்டி நேரடியாக இணைப்பதும், நேரடி இணைப்புக்கென்று வந்த கருவிக்கு நாமே ஒரு பிளக் பொருத்துவதும் கையேடு அனுமதித்தால் மட்டுமே சரி.

வடம் முழுதும் கண்ணில் படுமா. கருவிக்கும் பிளக் பாயிண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட மறையக் கூடாது என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது.

எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எவ்வளவு நேரம். பொருத்தி வைத்த கருவிகள், அதே சர்க்யூட்டில் விளக்கோ செருகிப் பயன்படுத்தும் கருவிகளோ இருந்தால், அந்தச் சர்க்யூட்டின் திறனில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. 15 ஆம்பியர், 120 வோல்ட் சர்க்யூட்டின் திறன் 1800 வாட், பாதி 900. புரொஜெக்டர் எளிதில் அடங்கும். ஹீட்டர் அடங்காது.

எப்படி அணைப்பது, எப்படிக் கழற்றுவது. பழுதுபார்ப்பவர் ஏணியில் நின்றபடி மின்சாரத்தைத் துண்டிக்க முடிய வேண்டும்.

எடையை யார் தாங்குவது. மின்வடம் மின்சாரத்துக்கு மட்டும். கருவியின் எடை அதன் மேலோ, மின்பெட்டியின் (ஒயர்கள் இணையும் சின்னப் பெட்டி) திருகு மேலோ விழக் கூடாது. மின்பெட்டி அதற்கென்றே தயாரித்ததாக இருந்தால் மட்டும் விழலாம்.

| வழி | மறைவான பகுதியில் போவது | வெளியே தெரியாத செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| சுவர்ப் பாயிண்டிலிருந்து நீட்டிய வடம் | மின்வடமே | ஆய்வில் தோல்வி, மறுவேலை, தீ ஆபத்து | சில மணி நேரத் தற்காலிகப் பயன்பாடு மட்டும் |
| கருவி அருகே சீலிங் பிளக் பாயிண்ட் | நிலையான வயரிங் | தீப்பொறி (ஏ.எஃப்.சி.ஐ.), மின்கசிவு (ஜி.எஃப்.சி.ஐ.) பாதுகாப்பு, தனித் தாங்கு கம்பி | புரொஜெக்டர், கராஜ் மோட்டார், திரை |
| நேரடி இணைப்பு | நிலையான வயரிங் | அணைக்கும் சுவிட்ச், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எலக்ட்ரீஷியன் | ஹீட்டர், மின்விசிறி, பெரிய காற்றோட்ட விசிறி |
| தொங்கும் மின்வடம் | நிலையான வயரிங் | இழுவைப் பிடி, தடித்த வடம் | பட்டறை, தொங்கும் விளக்கு |
| இன்லெட் தொகுப்பு | தொகுப்போடு வரும் கேபிள் | சுவரிலிருக்கும் பாயிண்டை நம்பியிருக்கும் | புதிய சர்க்யூட் இழுக்க முடியாத வீடு |
| நெட்வொர்க் கேபிள் வழி மின்சாரம் | குறைந்த மின்னழுத்தக் கேபிள் | சுவிட்ச் கருவி, சரியான கேபிள் வகை | கேமரா, வைஃபை |

## வழி ஒன்று: சுவர்ப் பாயிண்டிலிருந்து வடத்தை நீட்டுவது

பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். ஓர் எக்ஸ்டென்ஷன் வாங்கினால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இதன் எந்த வடிவமும் நிரந்தரமாக நிற்காது.

சீலிங்குக்கு மேலே விட்டால் மறைத்தது குற்றம். மறைக்காமல் சுவரோடு கிளிப் அடித்துப் போனால் கட்டடப் பரப்பில் பதித்தது குற்றம். "அழகாக பிளாஸ்டிக் பட்டைக்குள் விட்டு மூடிவிட்டேன், பார்க்கவே தெரியாது" என்பவர்கள் உண்டு. பட்டைக்குள் நுழைத்ததும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டையையே முறையான உலோக அல்லது பிளாஸ்டிக் ஒயர்வழியாக வாங்கி, உள்ளே மின்வடத்துக்குப் பதில் நிலையான வயரிங்குக்குரிய ஒயர்களை இழுத்து, முனையில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தால் வேலை சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஓடும் ஒயர்தான் வேறு.

பவர் ஸ்டிரிப்பை சீலிங்குக்கு மேல் திருகி வைப்பதும் இதே கதைதான். யூ.எல். என்னும் பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற பவர் ஸ்டிரிப்புகளை நிரந்தரமாகப் பொருத்திய பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருக வேண்டும். கட்டடத்தில் நிரந்தரமாகப் பதிக்கவோ ஒன்றின் பின் ஒன்றாகக் கோக்கவோ கூடாது. தலைகீழ்த் தவறையும் சொல்லிவிடுகிறேன்: சுவருக்குள் போகும் கெட்டிக் கம்பிக் கேபிளின் நுனியில் பிளக் மாட்டி, அதை வடம் போலத் தொங்கவிடுவது. அந்தக் கேபிளின் கம்பி வளைந்து நிமிர்வதற்கு ஆனதல்ல. சில முறை அசைத்தால் உள்ளே ஒடியும்.

ஒரு மாலை விழாவுக்கு மட்டும் புரொஜெக்டர் வைத்து, வடம் முழுதும் கண்ணெதிரே கிடந்து, விழா முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடுவதானால் இந்த வழியில் குறையில்லை.

## வழி இரண்டு: கருவிக்குப் பக்கத்தில் சீலிங் பிளக் பாயிண்ட்

நான் முதலில் பரிந்துரைப்பது இது. எலக்ட்ரீஷியன் நிலையான வயரிங்கைச் சீலிங் வரை கொண்டுவந்து, கருவியிலிருந்து ஓரிரு அடிக்குள் கீழ்நோக்கிய ஒரு பாயிண்ட் வைப்பார். கருவியோடு வந்த வடமே போதும். முழுதும் கண்ணில் படும். பிளக்கைப் பிடுங்கினால் மின்சாரம் துண்டிக்கப்படும், ஆகவே தனியாக அணைக்கும் சுவிட்ச் தேவையில்லை. ஐந்து ஆண்டில் புரொஜெக்டர் மாறினால் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகிக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் மறுபடி வர வேண்டியதில்லை.

மறைமுகச் செலவுகள் மூன்று இருக்கின்றன. விலை கேட்கும்போதே இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதலாவது, புதிய பாயிண்ட் வந்தால் புதிய விதியும் கூடவே வரும். படுக்கையறை, வரவேற்பறை போன்ற இடங்களில் பழைய சர்க்யூட்டை நீட்டி ஒரு பாயிண்ட் சேர்த்தாலும், தீப்பொறியைக் கண்டறியும் ஏ.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு பொதுவாகக் கட்டாயம். கராஜில் இருந்தால் மின்கசிவைக் கண்டறியும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு வேண்டும். எட்டாத உயரத்தில் இருக்கும் கராஜ் பாயிண்டுக்கு முன்பு விலக்கு இருந்தது. 2008 பதிப்பில் அது நீக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்புக் கருவி எளிதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்த பதிப்பில் சேர்ந்தது. ஆக, சீலிங்கிலேயே பொத்தான் வைத்த ஜி.எஃப்.சி.ஐ. பாயிண்டைப் போட்டுவிட்டு ஏணி வைத்து அழுத்திக்கொள்ளலாம் என்பது செல்லாது. ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் போடுங்கள், அல்லது கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் தனிக் கருவியாக வையுங்கள். கராஜுக்கு வேறு கதவே இல்லாத வீடு என்றால் அதைக் கராஜுக்கு வெளியே வைப்பது நல்லது. அது ஒருமுறை அணைந்துவிட்டால் மோட்டார் கதவைத் திறக்காது, உள்ளே போய் அழுத்தவும் முடியாது.

இரண்டாவது, ஃபால்ஸ் சீலிங்கில் பெட்டி எதன் மேல் நிற்கிறது என்பது. சீலிங் ஓடுகளைத் தாங்கும் கம்பிகளில் கேபிளைக் கட்டித் தொங்கவிடக் கூடாது. தனியாகக் கம்பி போட வேண்டும். அது வேறு என்று தெரியும்படி நிறமோ அடையாளச் சீட்டோ வேண்டும். சீலிங்குக்கு மேலுள்ள இடமே ஏ.சி. காற்று திரும்பிப் போகும் வழியாக இருந்தால் இன்னும் கண்டிப்பு. அங்கே எரியும் பிளாஸ்டிக்கின் புகை கட்டடம் முழுதும் பரவிவிடும் என்பதால் கேபிள், பெட்டி எல்லாமே அங்கே அனுமதிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். பழைய அலுவலகக் கட்டடங்களில் இதை யாரும் கவனிப்பதில்லை.

மூன்றாவது சின்ன விஷயம்தான், ஆனால் நடைமுறையில் தொல்லை தருவது. கீழ்நோக்கிய பாயிண்டில் பிளக் தன் எடையால் மெல்ல நழுவும். கனமான சதுர அடாப்டராக இருந்தால் சில மாதங்களில் பாதி வெளியே வந்துவிடும். பாதி வெளியே வந்த பிளக் சூடாகும். தட்டையான பிளக், இறுகப் பிடிக்கும் நல்ல தரப் பாயிண்ட், வடத்தைக் கருவியின் தாங்கியோடு தளர்வாகப் பிடித்து வைப்பது, இவை போதும்.

புரொஜெக்டரின் தொங்கு குழாய்க்குள் வடத்தை மேலே ஏற்றி, சீலிங்குக்கு மேல் கான்கிரீட்டில் இருக்கும் பாயிண்டில் செருகுவது பார்க்க அழகாக இருக்கும். அங்கேயும் வடம் சீலிங்குக்கு மேலே போய்விடுகிறது. ஆய்வாளர் சீலிங் ஓடு ஒன்றைத் தூக்கினால் மறுப்பார். பாயிண்டை சீலிங் மட்டத்துக்குக் கொண்டுவரும் பெட்டிகள் இதற்கென்றே கிடைக்கின்றன.

## வழி மூன்று: நேரடி இணைப்பு

பிளக்கே இல்லாமல் கேபிள் நேராகக் கருவியின் இணைப்புப் பெட்டிக்குள் போவது. கனமான சுமைக்கும், கழற்றவே போவதில்லை என்ற கருவிக்கும் இதுதான் முறை.

கராஜ் சீலிங்கில் மாட்டும் 5000 வாட் ஹீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 வோல்ட்டில் 20.8 ஆம்பியர். பொருத்தி வைத்த வெப்பக் கருவியைத் தொடர்ந்து ஓடும் சுமையாகக் கொள்ள வேண்டும் என்பதால் 125 விழுக்காடு, அதாவது 26 ஆம்பியர்; 30 ஆம்பியர் சர்க்யூட். இதை ஏற்கெனவே இருக்கும் எந்தப் பாயிண்டிலும் தொங்கவிட முடியாது. தயாரிப்பாளர் வடத்தோடு கொடுத்திருந்தால் அந்தப் பிளக்குக்கு உரிய 240 வோல்ட் பாயிண்ட் அருகிலேயே வேண்டும். கொடுக்காவிட்டால் நேரடி இணைப்பு.

மின்விசிறியும் இந்த வகைதான். ஆனால் அங்கே கவலைப்பட வேண்டியது ஒயரைவிட எடையைப் பற்றி. சாதாரண விளக்குப் பெட்டி 50 பவுண்டு நிலையான எடையைத் தாங்கும். சுழலும் விசிறியின் ஆட்டத்தைத் தாங்க அது தயாரிக்கப்படவில்லை. விசிறிக்கென்று சான்று பெற்ற பெட்டி 70 பவுண்டு வரை தாங்கலாம்; 35 பவுண்டுக்கு மேல் தாங்குமானால் எவ்வளவு என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பழைய விளக்கைக் கழற்றிவிட்டு அதே பெட்டியில் விசிறியைத் தொங்கவிடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்தப் பெட்டிக்குள் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

விசிறியையும் விளக்கையும் செருகிக் கழற்றும் வசதியும் இப்போது விதிக்குள் வந்திருக்கிறது. எடையையும் தாங்கி மின்சாரத்தையும் கொடுக்கும் சீலிங் பாயிண்டும், அதில் பொருந்தும் மேல்மூடியும் 2017 பதிப்பில் இடம்பெற்றன. அடிக்கடி விளக்கை மாற்றுபவர்களுக்கு நல்லது. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்துமா, உங்கள் விசிறியின் எடைக்குச் சான்று உண்டா என்பதை வாங்கும் முன் பாருங்கள்.

நேரடி இணைப்பின் மறைமுகச் செலவு அணைக்கும் வசதி. 300 வோல்ட்-ஆம்பியருக்கு (ஏறத்தாழ 300 வாட்) மேற்பட்ட சாதனம் என்றால், கண்ணில் படும் தூரத்தில் ஒரு சுவிட்சோ, பூட்டக்கூடிய பிரேக்கரோ வேண்டும். அடுத்தது பழுது: மோட்டார் போனால் மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் ஆள் வர வேண்டும். அதிரும் காற்றோட்ட விசிறிக்கு வளையும் உலோகக் குழாயில் ஒயர் கொண்டுபோவது நல்ல முறை. ஆனால் அதிர்வு தொடரும் இடத்தில் அந்தக் குழாயையே எர்த்தாக நம்பக் கூடாது, உள்ளே தனி எர்த் ஒயர் வேண்டும்.

பிளக்கை வெட்டிவிட்டு இணைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கையேட்டில் அனுமதி இல்லாவிட்டால் வேண்டாம். உத்தரவாதமும் சான்றும் ஒரே வெட்டில் போய்விடும். மெல்லிழை வடத்தைச் சாதாரணத் திருகுக்கு அடியில் வைத்து முறுக்கினால், இழைகள் பிதுங்கி மெல்ல மெல்லத் தளர்ந்து, அந்த இடமே சூடாகும்.

## வழி நான்கு: பெட்டியிலிருந்து தொங்கும் மின்வடம்

பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். தரையில் எக்ஸ்டென்ஷன் தடுக்காமல் மேலிருந்து ஒரு பாயிண்ட் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும். சீலிங்கில் நிலையான வயரிங் ஒரு பெட்டியில் முடிய வேண்டும். அங்கிருந்து கீழே வருவது மட்டும் மின்வடம், முழுதும் கண்ணெதிரே.

இதில் உயிர்நாடி இழுவைப் பிடிதான். யாராவது வடத்தைப் பிடித்து இழுக்கத்தான் செய்வார்கள். அந்த இழுப்பு உள்ளே ஒயர் இணைப்பைத் தொடக் கூடாது என்பது 400.14. பெட்டியின் வாயில் திருகி ஏற்றும் பிடி வேண்டும். நீளமான தொங்கலுக்கு, வடத்தைச் சுற்றி இறுக்கும் கம்பிவலைப் பிடி சிறந்தது. இழுக்க இழுக்க அது இறுகும். பெட்டியின் துளையில் வடத்தை விட்டு உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தும் கைவேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வடத்தின் வகையையும் பாருங்கள். உறையில் அச்சிட்ட எழுத்துகளில் எஸ்.ஜே. என்று தொடங்கினால் 300 வோல்ட்டுக்கானது, எஸ்.ஓ. போன்றவை 600 வோல்ட்டுக்கான கடும் உழைப்பு வகை. ஓ எண்ணெயைத் தாங்கும் என்பதையும், டபிள்யூ வெயில் மழையைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். 20 ஆம்பியர் சர்க்யூட்டில் கருவிகள் ஓட்டும் பட்டறைக்கு 12 கேஜைவிட மெல்லிய வடத்துக்குப் போகாதீர்கள்.

தொங்கும் எல்.இ.டி. விளக்குகளுக்கு 410.62 தனி வசதி தருகிறது. விளக்கு நேராகப் பாயிண்டுக்குக் கீழே இருந்து, வடம் முழுதும் தெரிந்து, இழுவையோ அடியோ படாமல், எர்த் உள்ள பிளக்கில் முடிந்தால் செருகியே வைக்கலாம். கடைகளில் வரிசையாக விளக்கு மாட்டுபவர்களுக்கு ஒவ்வொன்றையும் நேரடியாக இணைப்பதைவிட இது எளிது. ஒன்று பழுதானால் கடையை மூடாமல் அதை மட்டும் மாற்றலாம்.

## வழி ஐந்து: இன்லெட் தொகுப்பு

சுவரின் கீழே ஒரு செருகுவாய் (இன்லெட்), மேலே ஒரு பாயிண்ட், நடுவே சுவருக்குள் நிலையான கேபிள். பக்கத்துப் பாயிண்டிலிருந்து ஒரு குட்டி வடத்தால் செருகுவாய்க்கு மின்சாரம் கொடுத்தால் மேலே வந்துவிடும். 400.10இல் இதற்கு இடமுண்டு. ஆனால் செருகுவாய், பாயிண்ட், கேபிள், வடம் அனைத்தும் இந்தப் பயன்பாட்டுக்கென்றே சான்று பெற்ற ஒரே தொகுப்பாக இருக்க வேண்டும், மேலே ஒற்றைப் பாயிண்ட் மட்டுமே வைக்கலாம். கடையில் தனித்தனியாக வாங்கி நாமே கோத்தால் அது தொகுப்பு ஆகாது. பழைய வயரிங்கைத் தொட விரும்பாதவருக்கு இது கௌரவமான சமரசம். கீழே இருக்கும் பாயிண்டில் யாராவது வேறு எதையாவது செருகி வடத்தைப் பிடுங்கிவிட்டால் படம் நின்றுவிடும் என்பதுதான் இதன் பலவீனம்.

## வழி ஆறு: மின்வடமே தேவையில்லாத கருவிகள்

கேமரா, வைஃபை கருவி ஆகியவற்றுக்கு சீலிங்கில் 120 வோல்ட் பாயிண்டைத் தேடுவதே வீண். நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் முறையில் அடிப்படைத் தரமே 15.4 வாட் தருகிறது. அடுத்த தரம் 30 வாட். புதியது 90 வாட் வரை. குறைந்த மின்னழுத்தம் என்பதால் அந்தக் கேபிளைச் சீலிங்குக்கு மேல் கொண்டுபோகலாம். காற்று திரும்பும் இடமானால் அதற்குரிய சி.எம்.பி. வகைக் கேபிள் வேண்டும், அவ்வளவுதான். அடாப்டரை மட்டும் சீலிங்குக்கு மேல் ஒளித்து வைக்காதீர்கள். அடாப்டரின் மின்வடம் வந்த உடனே பழைய விதிகள் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

## நடைமுறையில் எதைத் தேர்ந்தெடுப்பது

கட்டி முடிக்காத வீடு, அல்லது சீலிங் இன்னும் மூடாத நிலை என்றால் யோசிக்கவே வேண்டாம்: புரொஜெக்டர் வரக்கூடிய இடம், கராஜ் மோட்டார் இடம் ஒவ்வொன்றிலும் இப்போதே ஒரு பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு அதே வேலைக்குச் சுவரை உடைத்து, பூசி, வர்ணம் அடிக்கும் செலவும் சேரும். பிளக்கோடு விற்கும் எந்தக் கருவிக்கும் இரண்டாம் வழி. அது முடியாத மூடிய சுவருக்கு ஐந்தாம் வழி. சர்க்யூட்டின் பாதித் திறனைத் தாண்டும், பொருத்தி வைக்கும் எதற்கும் தனிச் சர்க்யூட்; 1500 வாட்டைத் தாண்டினால் பெரும்பாலும் மூன்றாம் வழி. கைக்கருவிகள் ஓடும் இடத்துக்கு நான்காவது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சீலிங்கில் மாட்டுவதை விட்டுவிட்டு, சுவர்ப் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே அலமாரியில் வைக்கும் குறுந்தூரப் புரொஜெக்டரைப் பார்க்கலாம். சீலிங்கில் பாயிண்ட் வைக்க வீட்டுக்காரரின் ஒப்புதலும், பல ஊர்களில் அனுமதிச் சீட்டும் வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்றும் பல இடங்களில் விதி உண்டு.

விலைப்புள்ளி வாங்கும்போது எலக்ட்ரீஷியனிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சர்க்யூட்டிலிருந்து எடுக்கிறார், ஏ.எஃப்.சி.ஐ. அல்லது ஜி.எஃப்.சி.ஐ. எங்கே வைக்கிறார், அனுமதிச் சீட்டை யார் வாங்குகிறார். மூன்றாவதற்கு "இவ்வளவு சின்ன வேலைக்கு அதெல்லாம் எதற்கு" என்று பதில் வந்தால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.